அண்ணி தோண்டிய குளம்

எங்கள் குடும்பக் குளத்தை விற்ற பத்திரத்தில் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம். ஏழாவது கையெழுத்து என்னுடையது. அண்ணி ருய்லானை யாரும் கேட்கவில்லை. பெங் குடும்பத்துச் சொத்தில் மருமகள்களுக்குப் பேச்சு கிடையாது. கேட்டிருந்தாலும் அவர் போட்டிருக்க மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனாலும்தான் கேட்கவில்லை.

எங்கள் ஊரான லொங்தானுக்கு மேற்கே இறங்கும் சாலையில் இருந்தது அந்தக் குளம். கொள்ளுத்தாத்தா காலத்தில் வயலுக்காக வெட்டியது. வயல்கள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகிவிட்ட பிறகு அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ள ஆளில்லை. விற்றதில் எனக்கு அப்போது பெரிய வருத்தம் எதுவும் இல்லை. காலைச் சந்தையில் அரிசி நூடுல்ஸ் விற்கிறவள் நான். விடியுமுன் எழுந்து மாவு ஊற்றி, மத்தியானம் வரை நின்றே பிழைக்கிறவளுக்குக் குளத்தைப் பற்றி நினைக்க நேரம் ஏது.

அண்ணிக்கும் நேரம் இல்லைதான். தெருமுனையில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பேச்சு குறைவு. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே என்ன பழுது என்று சொல்லிவிடுவார். பூ, செடி, அலங்காரம் எதிலும் அவருக்கு ஆசை இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் குளத்தில் ஒரு மஞ்சள் அல்லி இருந்தது. குட்டிக் கிண்ணம் போலப் பூ, நடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு வட்டம், தண்ணீருக்கு மேலே கழுத்தை நீட்டி நிற்கும். எங்கள் தீவின் வடக்குப் பக்கக் குளங்களைத் தவிர உலகத்தில் வேறெங்கும் முளைக்காத சாதி அது என்று வண்டி பழுது பார்க்க வந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டார். குளத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று என் கடைக்கு வந்து நின்றார்.

"அந்த மாடலுக்கு ஒரே ஒரு கம்பெனிதான் யூசின். அதையும் மூடிட்டா, அப்புறம் ஸ்பேர் பார்ட்டு எங்க போய்த் தேடறது?" என்றார்.

நான் நூடுல்ஸை மடித்துக்கொண்டே, செடிதானே அண்ணி என்றேன். அவர் போய்விட்டார்.

குளத்தை வடித்து மூன்றாம் நாள் மண் கொட்ட லாரிகள் வருவதாக ஏற்பாடு. கரையிலிருந்த மண்சாமியின் சின்னக் கோயிலை ஏற்கெனவே பூசை செய்து வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். லாரி வரவிருந்த அன்று காலை அண்ணி மார்புவரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு போய், மண் கொட்டும் வேலையைப் பார்த்த லியாவ் மேஸ்திரியிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். லியாவ் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் இருந்தது.

"அரை நாள் தர்றேன் அக்கா. மத்தியானம் ஒரு மணிக்கு முதல் லாரி வந்துரும். அதுக்குள்ள எவ்வளவு பிடுங்க முடியுமோ பிடுங்கிக்கோங்க," என்றார்.

அண்ணி சேற்றில் இறங்கினார். அந்தச் செடியின் கிழங்கு கை தடிமன் இருக்கும்; சேற்றுக்குள்ளே பாம்பு மாதிரி படுத்திருக்கும். இழுத்தால் ஒடியும். இரண்டு பக்கமும் கையால் துழாவி வேரை விடுவித்து எடுக்க வேண்டும். ஒரு கிழங்குக்கு அரை மணி நேரம் ஆனது. பன்னிரண்டரை மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது கரையில் ஐந்துதான் கிடந்தன.

ஒரு மணிக்கு முதல் லாரி வந்தது. ஓட்டி வந்தவர் என் அண்ணன் தெமாவ். குளத்துக்குப் போகும் சந்து ஒரு லாரி அகலம்தான். அந்தச் சந்தின் வாயில் வந்ததும் லாரி புஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டு நின்றது. பிரேக் பூட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பின்னால் ஐந்து லாரிகள் வரிசையாக நின்றன.

லியாவ் மேஸ்திரி ஓடிவந்தார். யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "மெக்கானிக் எங்க வீட்டுலயே இருக்கா. அதோ சேத்துல நிக்கிறா பாருங்க," என்றார்.

அண்ணி சேற்றோடு ஏறி வந்தார். லாரிக்கு அடியில் படுத்தார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, காற்றுக் குழாய் போய்விட்டது, இந்தப் பழைய வண்டிக்கு அது கடையில் இருக்காது, வரவழைக்க நாளை மறுநாள் ஆகும் என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு தசை அசையவில்லை. லியாவ் மேஸ்திரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கரையில் குந்தினார்.

"புருஷனும் பொண்டாட்டியும் சேந்து என் வயித்துல அடிங்க," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னால் நின்ற லாரிகளை வேறு வேலைக்கு அனுப்பினார்.

பிற்பாடு ஒருநாள் நான் அண்ணனிடம் கேட்டேன், நிஜமாகவே பழுதா என்று. "லாரி நின்னுச்சு. நின்னா பழுதுதானே," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

அந்த இரண்டு நாளில் அண்ணி இருபத்துமூன்று கிழங்குகளை எடுத்தார். மூன்றாம் நாள் குழாய் வந்தது, லாரி நகர்ந்தது, குளம் மூடப்பட்டது.

கடைக்குப் பின்னால் சிமென்ட் போட்ட முற்றம் ஒன்று உண்டு. பழுதான வண்டிகளை நிறுத்துமிடம். அண்ணி வண்டிகளை எல்லாம் நடைபாதைக்குத் தள்ளிவிட்டு சிமென்டை உடைத்தார். கடை அடைத்த பின் சாயங்காலங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில், கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தோண்டினார். நாலு தப்படி நீளம், மூன்று தப்படி அகலம், இடுப்பளவு ஆழம். பழைய குளத்துக் களிமண்ணை அண்ணன் அரிசிச் சாக்குகளில் கொண்டுவந்து போட்டார். இருவரும் வெறுங்காலால் அதை மிதித்து அடியைக் கெட்டிப்படுத்தினார்கள். அடுத்த வீட்டிலிருக்கும் என் சமையலறை ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் இரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சேற்றை மிதிப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஏனோ கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

முதல் கோடையிலேயே கிழங்குகள் அழுக ஆரம்பித்தன. இலைகள் மஞ்சளாகி, வழவழத்து, தண்ணீரில் பிரிந்து போயின. அண்ணி ஒவ்வொன்றையும் எடுத்துக் கத்தியால் பிளந்து பார்த்தார், இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பது போல. செத்த கிழங்குகளில் எல்லாம் அழுகல் தலைப் பக்கத்திலிருந்தே தொடங்கியிருந்தது. குளத்தில் சேற்றுக்குள் படுத்திருந்ததே என்று முழுதாகப் புதைத்தது தப்பு. தளிர் விடும் தலை சேற்றுக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று மோட்டார் வைத்துச் சுழல விட்டது இரண்டாவது தப்பு. அதற்கு அசையாத தண்ணீர் வேண்டும். சீக்கிரம் வளரட்டும் என்று கோழி எரு போட்டது மூன்றாவது தப்பு. அதனால் பாசிதான் வளர்ந்தது. மூன்றையும் கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் வருஷம் திரும்பிவிட்டது. மிஞ்சியவை நான்கு.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இருபத்துமூணுல நாலு. உங்க கடையில விட்ட வண்டியும் இப்படித்தான் திரும்பி வருமா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணி கோபப்படவில்லை. "எது கெட்டுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே கெடாது," என்றார்.

அந்த மே மாதம் கொசு வந்தது. புதுச் செடியைக் கடித்துவிடும் என்று பயந்து அண்ணி குளத்தில் ஒரு மீன்கூட விடவில்லை. அசையாத தண்ணீர், மீன் இல்லை, பிளம் பழுக்கும் பருவத்து மழை வேறு விடாமல் பெய்தது. என் கை கால் எல்லாம் தடித்துப்போனது. நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். கொசு ஒரு காரணம். பாத்திரம் கழுவ நிற்கும்போதெல்லாம் அந்தக் குளம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது இன்னொரு காரணம். அண்ணி ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்தால் சொன்ன மாதிரி இருந்தது.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டியால் தண்ணீரை மொண்டு பார்த்தாள். புழுக்கள் நெளிந்தன. டெங்கு காலத்தில் இதை விட முடியாது, ஏழு நாளில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வடித்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். அவள் செய்தது சரி. அண்ணியும் அதைத்தான் சொன்னார்.

நான் ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அவள் போன பிறகு அண்ணி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குளத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். நான்கு செடிகளில் ஒன்றில் புது இலை சுருட்டிக்கொண்டு மேலே வந்திருந்தது. குனிந்து அதன் மேல் ஒட்டியிருந்த பாசியை விரலால் வழித்துவிட்டார். மறுநாள் சந்தை முடிந்ததும் கடைக்குப் போனேன்.

"அண்ணி, புகார் குடுத்தது நான்தான்," என்றேன்.

அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும். பின்பக்கக் குளம்னு எழுதியிருந்துச்சு. எங்க பின்பக்கம் உன் ஜன்னலுக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

"கொசு கடிச்சா கடிச்சதுதான், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குரல் குடுத்திருக்கலாம். சரி, விடு. உனக்கு மீன் பிடிக்கத் தெரியுமில்ல?"

தெரியும். என் வீட்டுக்காரருக்கு மலையடிவாரத்தில் தரிசாகக் கிடந்த வயல் ஒன்று உண்டு. அதையொட்டிய வாய்க்காலில் சின்னச் சண்டைமீன்கள் இருக்கும். விரல் நீளம், உடம்பில் நீலமும் சிவப்புமாய்ப் பட்டை. இந்த மண்ணுக்கே உரிய மீன். அசையாத தண்ணீரில் வாழும், கொசுப்புழுவைத் தின்னும், செடியைத் தொடாது. மறுநாளே இருவரும் போனோம். நூடுல்ஸ் வடிகட்டும் மூங்கில் தட்டைக் கொண்டுபோனேன். கோரைப்புல்லுக்கு அடியில் தட்டை வைத்துக் காலால் கலக்கினால் மீன் தானாக ஏறும். மத்தியானத்துக்குள் பதினெட்டு பிடித்தோம். அண்ணி சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

திரும்பும் முன் அவர் அந்தத் தரிசு வயலுக்குள் இறங்கினார். மலையிலிருந்து ஊற்று கசிந்து எப்போதும் ஈரமாகவே இருக்கும் நிலம். ஒரு பிடி சேற்றை எடுத்து விரலிடையே பிசைந்து, முகர்ந்து பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். இன்ஜின் சத்தம் கேட்கும்போது வரும் முகம்.

ஏழாம் நாள் அந்தப் பெண் மறுபடி வந்தாள். மூன்று மூலைகளில் மொண்டு பார்த்தாள். ஒரு புழு இல்லை. கரண்டிக்குள் ஒரு மீன் ஏறிக்கொண்டு அவளை முறைத்தது. அவள் தாளில் சரி என்று எழுதிவிட்டு, போகிற போக்கில் செடியின் பெயரைக் கேட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

ஜூலையில் முதல் பூ வந்தது. நான்கு நாள் கழித்து வேறொரு செடியில் இரண்டாவது. அண்ணி பூவையும் பிரித்துப் படித்திருந்தார். மொட்டு விரியும் முதல் நாள் நடுவட்டம் மகரந்தத்தை வாங்கத் தயாராக இருக்குமாம். அதன் சொந்த மகரந்தம் மறுநாள்தான் உதிருமாம். கார்புரேட்டர் துடைக்கும் சின்னத் தூரிகையை வெந்நீரில் அலசிக் காயவைத்து, மூத்த பூவிலிருந்து இளைய பூவுக்கு மகரந்தத்தை எடுத்து வைத்தார். வண்டுகள் செய்கிற வேலை. முற்றத்துக்கு வண்டு வருமா வராதா என்று காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை.

காய் பழுத்து வெடித்ததும் விதைகள் வழவழப்பான கூழோடு வந்தன. ஈரம் காயக் கூடாது என்று தண்ணீரோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். அண்ணன் வேலையிலிருந்து வந்தவர், ஜெல்லி என்று நினைத்து எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுக் கலக்கிவிட்டார். ஒரு வாய் உள்ளே போனது. மிச்சத்தை அண்ணி பிடுங்கி ஏழு தண்ணீரில் அலசினார். அண்ணன் வயிற்றில் முளைக்கப் போகிறது என்று தெருவே ஒரு மாதம் கிண்டல் செய்தது.

அடுத்த வசந்தத்தில் பழைய பேசின்களில் அறுபது நாற்றுகள் முளைத்தன. முற்றத்துக் குளத்தில் அத்தனைக்கு இடமில்லை. ஒரு ஞாயிறு அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்டார், அந்தத் தரிசு வயலில் இதை நடலாமா என்று. அவர் அங்கே தகரக் கொட்டகை போடும் யோசனையில் இருந்தார். முகத்தைச் சுளித்தார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, ஊற்று கசியுற இடத்துல கொட்டகை போட்டா ரெண்டு வருஷத்துல சாஞ்சிரும் என்றேன். அவருக்கும் அது தெரிந்ததுதான். என்னவோ செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரப்பு உயர்த்தி, தண்ணீர் கட்டி, அறுபதையும் நட்டோம். பத்து நாள் கழித்துப் போனபோது நாற்பதுக்கு மேல் காணவில்லை. தண்டு மட்டும் குத்துக்குத்தாய் நின்றது. வரப்புப் புல்லில் எல்லாம் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகள். எங்கிருந்தோ வந்து தீவு முழுக்கப் பரவிய அந்த நத்தை, வாய்க்கால் வழியாக வந்து ஒரே வாரத்தில் தின்று தீர்த்திருந்தது.

அண்ணி வரப்பில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா வேறா என்று நான் பார்க்கவில்லை. இத்தோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். விட்டுவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"யாராச்சும் வாத்து வளக்கிறாங்களா இங்க?" என்றார் கடைசியில்.

மிஞ்சிய நாற்றுகளை அன்றே பிடுங்கி முற்றத்துக்குக் கொண்டுபோனோம். அடுத்த தெருவில் வாத்துக்கறி கடை வைத்திருந்தவரிடம் முப்பது வாத்துகளை இரவல் வாங்கினோம். இரண்டு மாதம் அவை அந்த வயலில் குஞ்சு நத்தைகளைத் தின்று கொழுத்தன. பெரிய நத்தைகளை நாங்கள் கையால் பொறுக்கினோம். சந்தைக்குப் போகுமுன் நான் ஒரு பக்கெட், கடை திறக்குமுன் அவர் ஒரு பக்கெட். முட்டைகளைக் குச்சியால் தட்டித் தண்ணீரில் விழவைத்தால் போதும், பொரிக்காது. தண்ணீர் வரும் வாயில் அண்ணி பொடிக்கண் கம்பி வலையை மூன்றடுக்காகப் பற்றவைத்தார். மழையில் இலை அடைத்துக்கொள்ளும்; வாரம் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும். அது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன்.

வாத்துகளைத் திருப்பிக் கொடுத்த பின் ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து, ஒரு நத்தைகூட இல்லை என்று தெரிந்த பிறகே மறுபடி நட்டோம். இந்த முறை எல்லா நாற்றுகளையும் வைக்க அவர் விடவில்லை. பாதி முற்றத்தில், பாதி வயலில். அதற்கடுத்த மே மாதம் வயலின் தெற்கு மூலையில் பூத்தது. என் வீட்டுக்காரர் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நிறம் பரவாயில்லை என்றார்.

செப்டம்பரில் புயல் அடித்தது. ஒன்றரை நாள் மழை. மலையிலிருந்து வந்த தண்ணீர் கீழ்வரப்பை உடைத்துக்கொண்டு போனது. காற்று நின்ற காலை நானும் அண்ணியும் மண்வெட்டியோடு ஓடினோம். தாய்ச்செடிகள் சேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. பழுத்திருந்த காய்கள்தான் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு வருஷ விதை. நான் காலியான காம்புகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி வரப்பை அடைப்பதிலேயே குறியாக இருந்தார்.

அந்த விதைகள் போன இடம் மறு ஏப்ரலில் தெரிந்தது. கீரை பறிக்கக் கீழ் வாய்க்காலோரம் போனேன். நான்கு வயல் தள்ளி, யாரோ ஒருவருடைய கைவிட்ட வயலின் தேங்கிய தண்ணீருக்குள், கண்ணாடித் தாள் போல மெல்லிய இலைகள் அசையாமல் நின்றன. போன் செய்தேன். அண்ணி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். முழங்கால்வரை இறங்கி, கையை உள்ளே விட்டு, வேர் பிடித்திருக்கிறதா என்று மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். பிடித்திருந்தது. ஒன்று, அதற்கப்பால் இன்னொன்று, அதற்கப்பால் மூன்று.

"இத நான் நடல," என்றார்.

பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது, புல்லில் சிவப்பு முட்டை உண்டா என்று சுற்றிலும் பார்த்தார். உண்டு, இரண்டு கொத்து. தட்டிவிட்டார்.

"இந்த வயல் யாரோடது யூசின்?"

சந்தையில் இஞ்சி விற்கும் கிழவர் சோங்குடையது, வீடு அதோ அந்த மூங்கில் புதருக்குப் பின்னால், மனிதர் கொஞ்சம் முசுடு என்றேன். அண்ணி கால் சேற்றைக்கூடக் கழுவாமல் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் கீரையைக் கரையில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.